கூப்பிடுவது வேறு, கூட இருப்பது வேறு!

(பட்டிமன்றத் தலைப்பு: இறைவனோடு நம்மை நெருங்கச் செய்வது இன்பமே! துன்பமே! – ‘இன்பமே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியது)

     

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பில் இன்பத்தின் பக்கம் பேச என்னை உட்கார வைத்தீர்கள் பாருங்க, அதுவே எனக்கு ஒரு துன்பம். (சிரிப்பு) எதிரணிக்கு வேலை சுலபம். ஒரு ஆஸ்பத்திரியைக் காட்டினால் போதும், ஒரு விதவைத் தாயைக் காட்டினால் போதும், கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கைதட்டல் தானாக வரும். நான் என்னத்தைக் காட்டுவது? வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டவனைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘இவர்தான் பெரிய பக்தர்’ என்று சொல்ல முடியுமா? முடியாது.

ஆனாலும் சொல்லப் போகிறேன். தெம்பாகவே சொல்லப் போகிறேன்.

எதிரணியின் முதல் பேச்சாளர் என்ன சொன்னார்? ‘கோயில்ல போய்ப் பாருங்க, கஷ்டப்படுறவங்க கூட்டம்தான் நிக்குது’ என்றார். உண்மைதான். இல்லையென்று யார் சொன்னது? பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எந்தப் பிள்ளையார் கோயிலுக்காவது போய்ப் பாருங்க. பத்தாவது, பன்னிரண்டாவது எழுதப் போகிற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும்! ஹால் டிக்கெட்டைக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைக்கிறார்கள். பேனாவை வைக்கிறார்கள். ஒரு பையன் பேனாவோடு ரீஃபிலையும் தனியா வச்சான். ‘என்னடா தம்பி?’ன்னு கேட்டேன். ‘ஒண்ணு தீர்ந்துட்டா இன்னொண்ணுக்கும் அருள் வேணும்ல சார்’ என்றான். (சிரிப்பு) நல்ல முன்யோசனை. அவன் எழுதிவிடுவான்.

சரி. தேர்வு முடிவு வருகிறது. பிள்ளை தேறிவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் அதே கோயிலுக்குப் போய்ப் பாருங்க நடுவர் அவர்களே. குருக்கள் இருப்பார். பிள்ளையார் இருப்பார். எலி இருக்கும். (சிரிப்பு, கைதட்டல்) பையன் எங்கே? ஸ்வீட் கடையில் நிற்கிறான்.

இதைத்தானே பெரியவர்கள் ‘சங்கடம் வந்தா வெங்கட்ரமணா’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். எதிரணி இதைத் தங்கள் பக்கத்துச் சாட்சியாக எடுத்து வைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயா, அந்தப் பழமொழி பக்தியைப் பாராட்டிச் சொன்னதா? அது கிண்டல் ஐயா, கிண்டல்! சங்கடம் இல்லாத நாளில் வெங்கட்ரமணன் யாரோ, நீ யாரோ என்று நம் முதுகில் போட்ட போடு அது.

வேண்டுதல் விஷயத்தையும் பாருங்க. வேலை கிடைக்கவில்லை. ‘முருகா, வேலை கிடைச்சா பழனிக்கு நடந்தே வந்து மொட்டை போடுறேன்.’ வேலை கிடைத்துவிட்டது. முதல் மாதம்: ‘நடந்து போக லீவு இல்லை, பஸ்ஸில் போயிடலாம்.’ மூன்றாவது மாதம்: ‘மொட்டைத் தலையோட ஆபீசுக்குப் போனா நல்லாயிருக்குமா? பூமுடி கொடுத்துக்கலாம்.’ ஆறாவது மாதம் பெண் பார்க்கிறார்கள். இப்போது மூணு முடி எடுக்கவும் மனசு வரவில்லை! (சிரிப்பு) துன்பத்தில் சொன்ன சொல்லுக்கு இன்பத்தில் இதுதான் கதி. முருகன் பாவம், மலைமேல் நின்றுகொண்டு, ‘என்னப்பா, வர்றியா இல்லையா’ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

சிரிக்கிறோம். சரி. ஆனால் இது வெறும் சிரிப்பு இல்லை.

விவிலியத்தில், லூக்கா எழுதிய நற்செய்தியில், ஒரு நிகழ்ச்சி வருகிறது. சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் நடுவில் இயேசுநாதர் போகிறார். குஷ்டரோகிகள் 10 பேர் தூரத்தில் நின்று சத்தம் போட்டு அவரைக் கூப்பிடுகிறார்கள். பத்துப் பேருமே கூப்பிட்டார்கள். ஒருவன்கூட வாயை மூடிக்கொண்டு நிற்கவில்லை. பத்துப் பேருக்கும் நோய் குணமாகிறது. அதற்குப் பிறகு என்ன? ஒரே ஒருவன் திரும்பி வருகிறான். காலில் விழுந்து நன்றி சொல்கிறான். அவனும் ஊர்க்காரன் இல்லை, வேற்று இனத்துச் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே கேட்கிறார்.

நடுவர் அவர்களே, துன்பத்தில் கடவுளைக் கூப்பிட்டவர்கள் 10. இன்பத்தில் கடவுளிடம் வந்தவன் 1. எதிரணி பத்தைப் பார்த்துவிட்டு ‘ஆகா, எவ்வளவு பக்தி’ என்கிறது. நான் கேட்கிறேன்: அந்தப் பத்துப் பேரில் ‘நெருங்கியவன்’ யார்? தலைப்பைத் திரும்பப் படிங்க. ‘இறைவனைக் கூப்பிட வைப்பது’ என்று நீங்கள் தலைப்புக் கொடுக்கவில்லை. ‘நெருங்கச் செய்வது’ என்று கொடுத்திருக்கிறீர்கள். நோய் இருந்தபோது பத்துப் பேரும் தூரத்தில்தான் நின்றார்கள். காலடி வரைக்கும் வந்தவன், சுகமான பிறகு வந்த அந்த ஒருத்தன். (பலத்த கைதட்டல்)

திருக்குர்ஆனிலும் இதே செய்தி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பேசப்படுகிறது. கப்பலில் போகிறார்கள். புயல் அடிக்கிறது. அலை நாலா பக்கமும் எழும்புகிறது. அப்போது உள்ளம் உருகி இறைவனை மட்டுமே அழைக்கிறார்கள். கரையில் கால் பட்டதும் மறந்துவிடுகிறார்கள். கடல் பக்கத்து ஜனங்களுக்கு இது நன்றாகப் புரியும்.

எதிரணிச் சகோதரி வேளாங்கண்ணியைச் சொன்னார்கள். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவை வேண்டிக்கொண்டார்கள், கரை சேர்ந்தார்கள், கோயில் எழும்பியது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிற வரலாறு. உண்மை. ஆனால் சகோதரி, நீங்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். புயலில் வேண்டிக்கொண்ட மாலுமி உலகத்தில் எத்தனை ஆயிரம் பேர்! அதில் கரைக்கு வந்தபிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அடுத்தடுத்த பயணத்தில் அதே கரைக்குத் திரும்ப வந்து, பீங்கான் தட்டெல்லாம் கொண்டுவந்து அந்தக் கோயிலை அழகு பண்ணினார்கள் பாருங்க, அதனால்தான் இவர்கள் கதையை நாம் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். புயல் ஓயாமலே போயிருந்தால் அது வேறு கதை. புயல் ஓய்ந்த பிறகுதான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது.

பக்கத்திலேயே நாகூர். தர்காவில் ஐந்து மனோராக்கள். அதில் உயரமானது 131 அடி. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டியது. பிள்ளை வரம் கேட்டு, அது கிடைத்த மகிழ்ச்சியில் கட்டினார் என்பது அந்த வட்டாரத்தில் சொல்லும் செய்தி. ராஜா இந்து, இடம் தர்கா. கேட்டது கிடைத்தபிறகும் மறக்காத ஒருத்தர் எழுப்பியது அது.

சரி, இப்போது குந்திக்கு வருகிறேன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் குந்தியைச் சொல்லித்தான் கைதட்டல் வாங்கினார். ‘கண்ணா, எனக்கு மேலும் மேலும் துன்பத்தையே கொடு, அப்போதுதான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்’ என்ற பொருள்படக் குந்தி வேண்டிக்கொண்டாளாம். ஆமாம், பாகவதத்தில் வருகிறது. முதல் ஸ்கந்தம். அழகான இடம். ஆனால், அதை அவள் எப்போது கேட்டாள்? அரக்கு மாளிகை எரிந்தபோதா? பிள்ளைகள் காட்டுக்குப் போனபோதா? இல்லை ஐயா. போர் முடிந்துவிட்டது. தருமன் அரசன் ஆகிவிட்டான். உத்தரையின் வயிற்றுப் பிள்ளையைக் கண்ணன் காப்பாற்றிக் கொடுத்துவிட்டான். எத்தனையோ பேரைப் பறிகொடுத்த வீடுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கஷ்டகாலம் முடிந்து, மூச்சு விடுகிற நேரம். கண்ணன் துவாரகைக்குத் தேர் ஏறப் போகிறான். அப்போதுதான் அந்த அம்மா வழியை மறிக்கிறாள்.

ஏன்? பயம்! ‘எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே இவன் நம்ம வீட்டுக்கு வரவேண்டிய வேலை இல்லை. நாமளும் இவனை மறந்துடுவோம்’ என்ற பயம். நடுவர் அவர்களே, சுகம் வந்த நாளில் கடவுளைப் போகவிடாமல் முந்தானையால் கட்டிப்போட்ட ஒரு தாய் அவள். அவளை எந்த அணியில் உட்கார வைப்பது? நாற்காலியை இந்தப் பக்கம் போடச் சொல்லுங்கள். (கைதட்டல்)

அடுத்து, அப்பர் சுவாமிகள். எனக்குத் தொழிலே தமிழ். முப்பது வருஷமாகப் பெரியபுராணம் நடத்துகிறவனிடம் அப்பரைக் கொண்டுவந்து காட்டினால் விடுவேனா?

‘சூலைநோய் வந்ததால்தானே நாவுக்கரசர் சிவனிடம் வந்தார்?’ என்று கேட்டார்கள். வந்தார். மருள்நீக்கியார் என்ற பெயரோடு திருவாமூரில் பிறந்து, சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்று பெரிய பதவியில் இருந்தவரை, வயிற்றுவலி புரட்டிப் போட்டது. யாரைத் தேடி ஓடினார்? அக்கா திலகவதியாரை. அந்த அம்மாவுக்கும் வாழ்க்கையில் சுகம் கிடையாது. நிச்சயித்த மாப்பிள்ளை போர்க்களத்தில் போய்விட்டான், பெற்றவர்களும் போய்விட்டார்கள், ஒரே தம்பியும் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஆனால் அவர் திருவதிகைக் கோயிலில் தினமும் அலகிட்டு, மெழுகி, மாலை கட்டிக்கொண்டே இருந்தார். தம்பிக்கு நோய் வந்த ராத்திரியில் அவர் புதிதாகச் சாமியைத் தேடவில்லை. தெரிந்த வீட்டுக்குள் அழைத்துப் போகிற மாதிரி அழைத்துப் போனார். இதைக் கொஞ்சம் மனசில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

அதன்பிறகு அப்பருக்கு வந்த சோதனைகளை வரிசையாகப் பாருங்கள். பல்லவ மன்னன் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் வைத்தான். நஞ்சு கலந்த சோறு கொடுத்தான். யானையை ஏவினான். கல்லோடு கட்டிக் கடலில் போட்டான். எல்லாம் துன்பம். எல்லாவற்றிலும் தேறிவிட்டார். எதிரணிக் கணக்குப்படி, பரீட்சை முடிந்துவிட்டது, இல்லையா? சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டாமா?

சேக்கிழார் அங்கே முடிக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தலங்கள், எத்தனையோ பயணம். முதுமைக் காலத்தில் திருப்புகலூர் வருகிறார். கையில் உழவாரம். கோயில் முற்றத்தில் புல் செதுக்குகிறார். அந்த இடத்தில் பொன்னும் நவமணியும் கிடந்து மின்னும்படி இறைவன் செய்கிறான். அப்பர் என்ன செய்தார்? பருக்கைக் கல்லை எப்படி அள்ளி எறிவாரோ அப்படியே உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். பிறகு தேவலோகத்துப் பெண்கள் வந்து ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதை வகுப்பில் நடத்தும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் நிறுத்திவிடுவேன். முதல் பரீட்சை சூலை. நடுப் பரீட்சை காளவாய், கடல். கடைசிப் பரீட்சை? பொன்! காளவாயில் அசையாத மனுஷனுக்கு, கிழவயதில், கடைசியாக வைத்த தேர்வு செல்வமும் சுகமும். எது கஷ்டமான தாள் என்று வினாத்தாள் எடுத்தவனுக்குத் தெரியாதா? (பலத்த கைதட்டல்) நாங்கள் வாத்தியார்கள், எங்களுக்குத் தெரியும். சுலபமானதை முதலில் கொடுப்போம், கடினமானதைக் கடைசியில் வைப்போம்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அணிக்காக உண்மையை மறைக்கக் கூடாது. துன்பம் வந்தால் மனிதன் கடவுள் பக்கம் திரும்புகிறான் என்பது நிஜம். நான் மறுப்பது வேறொன்றை. ‘துன்பம் வந்தால் போதும், கடவுளிடம் தானாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்’ என்று எதிரணி ஒரு மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்தது பாருங்க, அது தப்பு. அது கொடுமையும்கூட. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். செருப்பு எங்கே இருக்கிறதென்று பார்த்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

2004 டிசம்பர் 26. சுனாமி. வேளாங்கண்ணிக் கடற்கரையில் அன்று போனவர்கள் யார்? கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு மாதாவைக் கும்பிட வந்தவர்கள் அதில் எத்தனை பேர்! மிச்சமிருந்த உறவுக்காரர்கள் எல்லாரும் உடனே பெரிய பக்தர்கள் ஆகிவிட்டார்களா? சிலர் கோயில் படியிலேயே விழுந்து கிடந்தார்கள். சிலர் அந்தப் படியை மிதிக்கவே இல்லை. இரண்டு பேரையும் குறை சொல்ல நான் யார், நீங்கள் யார்?

எங்கள் தெருவில் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். பெயர் வேண்டாம். நல்ல மனுஷர். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து ஒரு மகன். அவன் பிறந்த வருஷம் சந்தோஷத்தில் வீட்டு வாசலில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டார். பெரிய மண்பானை, பக்கத்தில் நீர்மோர். பங்குனி பிறந்தால் போடுவார், ஆனி வரைக்கும் இருக்கும். பையன் வளர வளர அவனே மோர் ஊற்றிக் கொடுப்பான். இருபத்திரண்டு வயதில் அந்தப் பையன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான்.

ஐயா, அந்த வீட்டில் சாமி படம் எல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. அவர்தான் திருப்பி வைத்தார். கோயில் கிடையாது, விபூதி கிடையாது. நாங்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பங்குனி வந்தது. நான் காலையில் கல்லூரிக்குக் கிளம்புகிறேன். அவர் வாசலில் உட்கார்ந்து பானைக்கு அடியில் மணல் பரப்பிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: ‘அவரோட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது சார். ஆனா இது அவன் பொறந்தப்ப ஆரம்பிச்சது. நிறுத்தக் கை வரலை.’

‘பேச்சுவார்த்தை கிடையாது’ என்று நாம் யாரைப் பற்றிச் சொல்லுவோம் நடுவர் அவர்களே? தெருவில் போகிறவனைச் சொல்லுவோமா? அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை, சம்பந்தியோடு பேச்சுவார்த்தை இல்லை. உறவாக இருந்தால்தான் பேசாமல் இருக்க முடியும். அந்தத் தலைமையாசிரியர் கடவுளை விட்டுப் போனார் என்று நான் நினைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷ நல்ல காலத்தில் அவர் கட்டி வைத்த பழக்கம், பானை ரூபத்தில் வாசலில் நின்றுகொண்டிருந்தது. துன்பம் அவரைக் கடவுளிடமிருந்து இழுத்தது. இன்பத்தில் போட்ட முடிச்சு விடவில்லை. (கைதட்டல்)

வேண்டாம், கைதட்டாதீர்கள். இதற்குக் கைதட்ட வேண்டாம்.

சண்டை என்றதும் சுந்தரர் நினைவு வருகிறது. தம்பிரான் தோழர் என்று பெயர். இறைவனிடம் பொன் கேட்பார். நெல் கேட்பார். குண்டையூரில் நெல் மலையாகக் கிடைத்தால், ‘இதைத் திருவாரூர் வரைக்கும் தூக்க ஆள் யார்?’ என்று அதற்கும் ஆள் கேட்பார். பரவையார் கோபித்துக்கொண்டால் சமாதானம் பேச ராத்திரியில் சாமியையே தூது அனுப்புவார். இந்த உரிமை எல்லாம் எப்போது வந்தது? நல்ல நாளில் பழகிப் பழகி வந்தது. பிறகு கஷ்டகாலம் வந்தது. சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போய்விட்டது. அப்போது அவர் எப்படிக் கேட்டார்? கெஞ்சவும் கெஞ்சினார், கோபமாகச் சண்டையும் போட்டார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். தவணை முறையில் வாங்கினார்! (சிரிப்பு) இதைக் கேளுங்கள், அந்தப் பழைய திருவெண்பாக்கம் கோயில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற பூண்டி ஏரி கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. கோயிலைக் கரையில் வேறு இடத்தில் கட்டியிருக்கிறார்கள். போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முன்பின் தெரியாத மனிதரிடம் போய் ‘நீயெல்லாம் ஒரு ஆளா?’ என்று சண்டை போட முடியுமா? போலீஸைக் கூப்பிட்டுவிடுவார். பழகியவனிடம்தான் முடியும். கஷ்டத்தில் கடவுளிடம் சண்டை போடுகிற உரிமையைச் சம்பாதிக்கிற காலம் நல்ல காலம்.

இன்னொன்று சொல்கிறேன். நம் வழக்கத்தை எதிரணி கவனித்ததா என்று தெரியவில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்கிறோம்? தீட்டு என்று பூஜை அறையைச் சாத்திவிடுகிறோம். பதினாறு நாள் விளக்கு இல்லை. கோயிலுக்குப் போகக் கூடாது. ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. யோசியுங்கள்! உச்சகட்டத் துன்பம் வருகிற நாளில்தான் நம் வழக்கம் சாமி அறைக் கதவைச் சாத்துகிறது. அந்தப் பதினாறு நாளும் உள்ளே இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நெல் குதிர் மாதிரி. அறுவடையில் கொட்டி வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

என் அப்பா போனபோது அம்மா அந்த அறை வாசலில், மூடிய கதவுக்கு வெளியே, சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து உட்காருவார். தினமும் விளக்கேற்றுகிற நேரம் அது. தீப்பெட்டி இல்லை, திரி இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு அத்தை, ‘தீட்டு நேரத்துல அங்க ஏன் அண்ணி உட்காருறீங்க?’ என்று கேட்டார். அம்மா சொன்னார்: ‘அறைக்குத்தான் தீட்டு. உட்கார்ற நேரத்துக்கு என்ன தீட்டு?’ எங்க அம்மா நாலாவதோடு படிப்பை நிறுத்தியவர். நான் டாக்டர் பட்டம் வாங்கியவன். இந்த விஷயத்தில் வழிகாட்டிப் பேராசிரியர் அவர்தான்.

ஊருக்கே இப்படி ஒரு தீட்டு வந்ததைப் பார்த்தோமே! 2020 மார்ச்சில் கோயிலைச் சாத்தினார்கள். தேவாலயம் சாத்தினார்கள். பள்ளிவாசல் சாத்தினார்கள். ஊரே பயந்து நடுங்குகிற நேரம், எதிரணிக் கணக்குப்படி சாமிகிட்ட போக வேண்டிய நேரம், போக வழியில்லை! மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்த ஆண்டு மீனாட்சி கல்யாணத்தைப் பட்டர்கள் மட்டும் நின்று நடத்தினார்கள். நம் பெண்கள் தொலைக்காட்சியில் பார்த்து வீட்டிலேயே தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். 2020, 2021 இரண்டு வருஷமும் அழகர் வைகைக்கு வரவில்லை. 2022இல்தான் மறுபடி ஆற்றில் இறங்கினார். அந்த இரண்டு வருஷமும் அழகர் வருகிற நாளன்று விடியற்காலையில் எழுந்து, வெறும் தெருவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். புதிதாகப் பயந்தவர்கள் இல்லை அவர்கள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து, பானகம் குடித்து, தண்ணீர் பீய்ச்சி விளையாடி, கூத்தும் கும்மாளமுமாக அழகரைப் பார்த்து வளர்ந்தவர்கள்!

அப்படியானால் இன்பத்தில் கடவுளோடு இருப்பது என்றால் என்ன? பெரிய யாகமா? இல்லை. நம்மவர்கள் அதைச் சுலபமாக்கி வைத்திருக்கிறார்கள். பொங்கல் என்ன பண்டிகை? மழை கொடு என்று கேட்கிற பண்டிகையா? கேட்டதெல்லாம் கிடைத்து, நெல் வீடு வந்து சேர்ந்த பிறகு, முதல் அரிசியைப் பொங்கிச் சூரியனுக்குக் காட்டிவிட்டுச் சாப்பிடுகிற பண்டிகை. அதில் விண்ணப்பம் எங்கே இருக்கிறது? மாட்டுக்குக்கூட மறக்காமல் மறுநாள் மரியாதை செய்கிறோம். காய்த்த முதல் மாங்காயைச் சாமிக்கு வைக்கிற கிழவி, முதல் சம்பளத்தில் ஒரு பங்கை உண்டியலில் போடுகிற பையன், இவர்களுக்கெல்லாம் அன்றைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அதனால்தான் அது கஷ்டம். (சிரிப்பு, கைதட்டல்)

மணியில் கை வைத்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. ஒரே நிமிஷம். எதிரணி கடைசியாக யோபுவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘இதற்குப் பதில் சொல்லுங்கள்’ என்று சவால் விட்டது. சொல்லாமல் போனால் பயந்துவிட்டேன் என்பார்கள்.

யோபு என்றால் சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் புண்ணைச் சுரண்டுகிற உருவம்தான் எல்லாருக்கும் ஞாபகம். இஸ்லாமியச் சகோதரர்கள் அய்யூப் நபி என்று அவருடைய பொறுமையைப் போற்றுவார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை, துன்பம் வருவதற்கு முன்னால் உள்ள வரிகளைப் படித்தீர்களா? 7 மகன்கள், 3 மகள்கள். 7,000 ஆடு, 3,000 ஒட்டகம், 500 ஏர் மாடு, 500 கழுதை. கீழ்த்திசையிலேயே பெரிய செல்வர். மகன்கள் முறைவைத்து வீட்டுக்கு வீடு விருந்து போடுவார்கள், அக்கா தங்கைகளையும் அழைப்பார்கள். சாப்பாடு, சிரிப்பு, கொண்டாட்டம். அந்த விருந்து நாட்கள் ஒரு சுற்று முடிந்ததும், யோபு என்ன செய்வார்? அதிகாலையில் எழுந்திருப்பார். பத்துப் பிள்ளைகள் பேரிலும், தலைக்கு ஒன்றாகப் பலி செலுத்துவார். ‘சந்தோஷத்தில் என் பிள்ளைகள் மனசுக்குள்ளே கடவுளை மறந்திருந்தால்?’ என்ற கவலை அவருக்கு.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆடு மாடு எல்லாம் பட்டியில் இருக்கிறது. பிள்ளைகள் விருந்து சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். அப்பா மட்டும் இருட்டோடு எழுந்து நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார். எதிரணி நண்பர்களே, அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் நேராகச் சாம்பலுக்குப் போய்விட்டீர்கள்.

(மணி)